அட்டையில் இல்லாத மலை

என் சாப்பாட்டு மேசையில் ஒரு மணி இருக்கிறது. ஹோட்டல் முகப்பில் வைத்திருப்பார்களே, தலையில் ஒரு குமிழ், அதை உள்ளங்கையால் அழுத்தினால் 'டிங்' என்று ஒரே ஒரு சத்தம், அந்த வகை. பளபளப்பு போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஒரு பக்கம் கொஞ்சம் நெளிந்திருக்கிறது. அது என்னுடையதல்ல; எங்கள் மாதா கோயில் மண்டபத்துக்குச் சொந்தமானது. இந்த வருடத் திருவிழாவில், மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டு என்றால் திருட்டுத்தான். டத்தோ கிராமாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வருகிறவர்கள் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் அதைப் பார்க்கிறார்கள். பார்க்காததுபோல் தேநீரைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். நானும் அதை ஒளித்து வைக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். வரட்டும் என்றுதான் அங்கே வைத்திருக்கிறேன்.

கோபம் என் அண்ணிக்காக. அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, படித்து, பினாங்குத் தீவுக்கு வந்து ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தவர். அடக்கமான பெண் என்று யாரும் அவரைச் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். அவருக்கு ஒரு விஷயம் தெரியும் என்றால் அது அவருக்குத் தெரியும் என்பது சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்தாக வேண்டும். பாசாரில் மீன் வாங்கும்போது சீன மீன்காரரிடம் சோத்தோங் என்கிற கணவாய்க்கு மூன்று இதயம் என்று மலாயில் அடித்துச் சொல்வார். கலியாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், சாப்பிடுகிற வாழைப்பழம் தாவரவியல் கணக்குப்படி பெர்ரி வகை, ஸ்ட்ராபெரி பெர்ரியே இல்லை என்று ஆரம்பிப்பார். சிலர் ரசிப்பார்கள். பலர் எழுந்து கை கழுவப் போய்விடுவார்கள். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அண்ணன் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் முழுக்கக் கேள்வியும் பதிலும்தான்.

கைப்பேசி இல்லாத காலம் அது. ஒரு விஷயம் சரியா தவறா என்று தெரிய வேண்டுமானால் புத்தகத்தைத் தேட வேண்டும், இல்லையென்றால் தெரிந்த ஆளிடம் கேட்க வேண்டும். எங்கள் கோயில் திருவிழாவில் பொது அறிவுப் போட்டிக்கு அத்தனை கூட்டம் கூடியது அதனால்தான். வட்டாரத்துக்கு ஓர் அணி, அணிக்கு மூன்று பேர். எங்கள் டத்தோ கிராமாட் அணியில் அண்ணி, அண்ணன், நான். உண்மையில் அது அண்ணியின் அணி. நானும் அண்ணனும் நாற்காலியை நிரப்ப உட்கார்ந்திருந்தோம். இறுதிச் சுற்றில் இரண்டு அணிகளுக்கும் நடுவே ஒரே ஒரு மணிதான் இருக்கும். கேள்வி முடிந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் கை பாயும். மேலே எத்தனை கை விழுந்தாலும், அடியில் எந்தக் கை இருக்கிறதோ அந்த அணி பதில் சொல்லலாம். அந்த ஏற்பாட்டில் யாரும் ஏமாற்ற முடியாது. அடியில் எப்போதும் அண்ணியின் கைதான் இருக்கும். மற்றவர்கள் அடித்த அடியில் அவருடைய புறங்கை சிவந்துபோயிருக்கும். வீட்டுக்கு வந்து அதில் தைலம் தேய்த்துக்கொண்டே அந்த மாலையின் எல்லாக் கேள்விகளையும் மறுபடி எங்களிடம் கேட்பார்.

இன்னும் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, கேள்வி ஒரு அட்டையின் முன்பக்கத்திலும் பதில் பின்பக்கத்திலும் எழுதியிருக்கும். பின்பக்கத்தில் இருப்பதுதான் பதில். எதிர்த்துப் பேசினால் அணியின் மதிப்பெண் குறையும். இரண்டாவது, தொடர்ந்து மூன்று வருடம் ஜெயிக்கும் அணியின் தலைவர் அதன்பிறகு கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்காரலாம். அப்படித்தான் அந்த நாற்காலிக்கு வந்திருந்தார் நாங்கள் தலைவர் என்று கூப்பிட்ட மனிதர். பள்ளி ஆசிரியர், பங்குப் பேரவைத் தலைவர், வெள்ளைச் சட்டையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பவர். அவருக்குப் பிறகு யாருமே மூன்று வருடம் தொடர்ந்து ஜெயிக்கவில்லை. அதனால் அந்த நாற்காலி அவருடைய வீட்டுச் சொத்துபோல ஆகிவிட்டிருந்தது.

அண்ணிக்குக் கிண்ணத்தின் மேல் ஆசை இல்லை. அதைத் துடைத்து வைக்கக்கூட மாட்டார். அவருக்கு வேண்டியது அந்த நாற்காலியும் மைக்கும். தலைவர் கேட்கும் கேள்விகள் அவருக்குப் பிடிக்காது. எந்த நாட்டின் தலைநகர் எது, எந்த வருடம் எது நடந்தது என்று பள்ளிப் பரீட்சையையே கொண்டுவந்து மண்டபத்தில் வைக்கிறார் என்பார். "கேள்வின்னா, பதில் தெரியாதவன்கூட வீட்டுக்குப் போகும்போது கையில ஏதாவது எடுத்துட்டுப் போகணும்மா" என்று சொல்வார். ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளமாக இருக்கும் கிரகம் எது? பூப்பந்தாட்டப் பந்தில் இருக்கும் இறகு எந்தப் பறவையுடையது? நாம் ஊறவைத்துத் தின்னும் ஜாதிக்காயின் கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவப்பு வலைக்குத் தனியாக என்ன பெயர்? சமைத்துக்கொண்டே அவர் கேள்விகளை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்ப்பார். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லைக் கடைசியில் வைக்க வேண்டும் என்று கரண்டியை ஆட்டி விளக்குவார். பதிலைக் கேட்டதும் மண்டபம் 'அட!' என்று சொல்ல வேண்டும். அதுதான் அவருடைய கனவு. அவ்வளவு சின்னக் கனவு.

முதல் வருடம் ஜெயித்தோம். இரண்டாம் வருடமும் ஜெயித்தோம். மூன்றாம் வருடம் இறுதிச் சுற்றில் இரண்டு அணிகளும் சமமாக நின்றபோது, கடைசிக் கேள்விக்கான அட்டையைத் தலைவர் எடுத்தார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கோழிக்கறி வாசனை பின்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. "தென்கிழக்காசியாவிலேயே மிக உயரமான மலை எது?" என்று வாசித்தார். கைகள் விழுந்தன. அடியில் அண்ணியின் கை.

"ஹகாபோ ராஸி. பர்மா" என்றார் அண்ணி.

தலைவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். "தவறு" என்றார். எதிரணிக்கு வாய்ப்புப் போனது. அவர்கள் கேள்வி முடிவதற்குள்ளேயே தெரிந்த பதிலைச் சொல்வதுபோல, "கினபாலு!" என்று கத்தினார்கள். மண்டபமே எழுந்து கைதட்டியது. நீங்கள் இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போனவராக இருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். சபா மாநிலத்தின் கினபாலுதான் இந்த வட்டாரத்திலேயே உயரம் என்று எங்கள் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே ஊட்டிவிட்டார்கள். நம் நாட்டு மலை என்ற பெருமையில் யாரும் மற்ற நாடுகளின் நிலப்படத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. வடக்குப் பர்மாவில் பனி மூடிக் கிடக்கும் ஹகாபோ ராஸி அதைவிட ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரம். அதற்கு அடுத்த இடமும் கினபாலுவுக்கு இல்லை. இந்தோனேசியாவின் பப்புவாவில் இருக்கும் மலை அதைவிட உயரம். இதெல்லாம் அண்ணிக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. மற்ற பெண்கள் நகைக்கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல நிலப்படப் புத்தகத்தைப் பார்ப்பவர் அவர்.

அண்ணி எழுந்து நின்றார். "அங்கிள், அட்டை தப்பு. கினபாலு இல்ல" என்றார். தலைவர் அட்டையைத் தூக்கி மண்டபத்துக்குக் காட்டினார். அதில் கினபாலு என்று அழகான கையெழுத்தில் இருந்தது. "அட்டைன்னா அட்டை லா" என்றார் மைக்கில். எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ, "பர்மாக்கு டிக்கட் போடுங்க!" என்று கத்த, அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு மலையைப் பற்றியதே இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண், எல்லாம் தெரிந்தவள்போலப் பேசுகிறவள், எப்போது சறுக்கி விழுவாள் என்று இத்தனை நாளாகக் காத்திருந்தவர்களின் சிரிப்பு அது. எதிர்த்துப் பேசியதற்காக மதிப்பெண்ணும் போனது.

அன்று தலைவருக்கு உண்மை தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். அவரும் மனிதர்தான், பல வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததையே அட்டையில் எழுதியிருப்பார். அதற்காக நான் அவர்மேல் கோபப்படவில்லை. என்னால் பொறுக்க முடியாதது அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பூசை முடிந்ததும் அண்ணி நிலப்படப் புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் நின்ற தலைவரிடம் போனார். நானும் கூடப் போனேன். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படத்தில் விரலை வைத்து மேலே நகர்த்தினார். உயரத்தை வாய்க்குள் வாசித்தார். கடைசிப் பக்கத்தில் இருந்த மலைகளின் அட்டவணையையும் அண்ணி எடுத்துக் காட்டினார். தலைவர் அதையும் வரி வரியாகப் பார்த்தார்.

"நீ சொன்னதுதாம்மா சரி" என்றார்.

அண்ணியின் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. "போதும் அங்கிள். கப்பெல்லாம் வேணாம். அடுத்த வாரம் அறிவிப்பு வாசிக்கும்போது மைக்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார்.

தலைவர் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தார். "எதுக்கும்மா? கப் குடுத்தாச்சு, சாப்பாடு போட்டாச்சு, ஜனங்க சந்தோஷமா வீட்டுக்குப் போயாச்சு. இப்பப் போய் மாத்தினா அடுத்த வருஷம் ஒவ்வொருத்தனும் புக்கத் தூக்கிட்டு வருவான். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதும் லா." பிறகு அண்ணியின் தோளைத் தட்டிவிட்டு, "நீ கெட்டிக்காரி. கோவத்த மட்டும் கொஞ்சம் கொறச்சிக்க" என்று சொல்லிக் கெரெத்தாவைக் கிளப்பி ஓட்டிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் கெபி முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தோம். எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளைக் கோயில் பிள்ளை ஊதி அணைத்துக்கொண்டிருந்தார்.

ஃபாதரிடம் போனோம். மன்னித்து விட்டுவிடுங்கள் என்றார். தவறு செய்தவர் மன்னிப்புக் கேட்கவே இல்லையே, யாரை மன்னிப்பது என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்கு வந்தால் என் அண்ணன் இருக்கிறார். நல்லவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், எந்தச் சண்டையிலும் யார் பக்கமும் நிற்காதவர். "ஒரு மலைக்காக ஊரோட சண்டை போடுவாங்களா? விடு லா" என்றார். அண்ணி புத்தகத்தைப் பையோடு அலமாரி மேலே தூக்கி வைத்தார். அதன்பிறகு அதை அவர் இறக்கி நான் பார்க்கவில்லை.

ஊர் விடவில்லை. பர்மாக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராக, பிறகு அது கேலி என்பதே மறந்துபோய்ச் சாதாரணமாக. அன்று பிறந்திராத பிள்ளைகள்கூட 'பர்மா ஆன்ட்டி' என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் அவருடைய குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது என்றே நினைத்தார்கள். அண்ணி எல்லோருக்கும் தலையாட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அவரும் குறைத்துக்கொண்டார்; கூடவே பேச்சும் குறைந்தது. சாப்பாட்டு மேசையில் கேள்விகள் நின்றன. போட்டி நடக்கும் நாளில் தலைவலி என்று படுத்துவிடுவார். ஒரு நாள் பாசாரில் அதே மீன்காரர், அண்ணியிடம் கற்றதை அண்ணியிடமே சொல்லிச் சிரிப்பதற்காக, ஒரு சோத்தோங்கைத் தூக்கிப் பிடித்து, இதற்கு எத்தனை இதயம் என்று மலாயில் கேட்டார். அவர் ஆசையாகத்தான் கேட்டார். அண்ணி கூடையைப் பார்த்துக்கொண்டே, "தாக் தாவு" என்றார். தெரியாது. மீன்காரர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது.

போன வருடம் தவக்காலத்தில் அண்ணி இறந்துபோனார். கோயிலின் வாட்ஸ்அப் குழுவில், 'நம் பர்மாக்கா இறைவனடி சேர்ந்தார்' என்று செய்தி வந்தது. அதன் கீழே கூப்பிய கைகளாக வந்து விழுந்தன. மலர்வளையத்தில் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டுப் பேரவைக்காரர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "பர்மாக்காவோட சொந்தப் பேரு என்னாங்க?" என்றார். அத்தனை வருடம் ஒரே பீடத்தின் முன்னால் முழங்காலிட்ட பெண்ணுக்குப் பெயர் என்ன என்று அவருக்குத் தெரியாது. நான் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இங்கே அதை எழுதப்போவதில்லை. முதலில் அவர்கள் மைக்கில் சொல்லட்டும்.

இந்த வருடத் திருவிழாவுக்கு நான் போனது அண்ணனுக்குத் துணையாக. தலைவர் முதல் வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தார். மிகவும் தளர்ந்துவிட்டார். தோளில் பொன்னாடை. கேள்வி கேட்கும் நாற்காலியில் அவருடைய பேரன். அட்டைகள் போய்ப் பெரிய திரை வந்திருந்தது. ஆனாலும் இறுதிச் சுற்றுக்கு அதே மணிதான். பாரம்பரியம் என்று சொல்லி அதைத் துணியால் துடைத்து வைத்தார்கள். நாலாவதோ ஐந்தாவதோ கேள்வி, திரையில் வந்தது: தென்கிழக்காசியாவின் மிக உயரமான மலை எது? ஓர் இளம்பெண்ணின் கை அடியில் இருந்தது. "ஹகாபோ ராஸி" என்றாள். "சரியான பதில்!" என்றான் பேரன். எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு விட்டிருந்தால்கூட நான் உட்கார்ந்திருப்பேன். "நம்ம ஆளுங்க நிறைய பேரு கினபாலுன்னு சொல்லி மாட்டிக்குவாங்க" என்று அவன் சேர்த்துச் சொன்னான். மண்டபம் சிரித்தது. அதே மண்டபம். தலைவரும் சிரித்தார்.

நான் எழுந்து மேடைக்குப் போனேன். "இந்தப் பதில இதே எடத்துல எங்க அண்ணி சொன்னாங்க. தப்புன்னு சொல்லி எல்லாரும் சிரிச்சீங்க. அவங்க சொன்னது சரின்னு இப்ப மைக்ல சொல்லுங்க" என்றேன். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. "ஆன்ட்டி, கேம் முடிஞ்சதும் பேசலாமா?" என்று சொல்லிவிட்டுத் தாத்தாவைப் பார்த்தான். தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் யார் என்று கேட்டார். "பர்மாக்கா வீட்டு ஆளு" என்று அவர் காதில் உரக்கச் சொன்னார்கள். தலைவரின் முகம் கனிந்தது. "அட, நல்ல பொண்ணு. கோவக்காரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு என்னைத் தெரிந்தது, அண்ணியைத் தெரிந்தது, கோபமும் நினைவில் இருந்தது. நான் மேசையில் இருந்த மணியை எடுத்துக் கைப்பையில் போட்டேன். நடு வழியில் நடந்து வெளியே வந்தேன். மீதிக் கேள்விகளுக்குக் கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டினார்களாம்.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: மண்டபத்து மணியை எடுத்துச் சென்றவர் தயவுசெய்து திருப்பித் தரவும். யார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். நான் பதில் எழுதினேன். மணி என்னிடம் இருக்கிறது. என் அண்ணி சொன்ன பதில் சரி என்று அவர் பெயரைச் சொல்லி ஞாயிறு பூசை அறிவிப்பில் வாசியுங்கள். அடுத்த நிமிடம் மணி உங்கள் கையில் இருக்கும். அதன் கீழே யாரோ காலை வணக்கம் என்று ஒரு ரோஜாப்பூப் படம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் கோயில் கூரைப் பழுது பற்றி வாசித்தார்கள், ஞானஸ்நான வகுப்பு பற்றி வாசித்தார்கள். அன்று மாலை குழுவில் ஒரு புகைப்படம் வந்தது. பளபளவென்று புது மணி. 'பிரச்சினை தீர்ந்தது. இறைவனுக்கு நன்றி' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கட்டைவிரல்கள் குவிந்தன. ஒரு வாக்கியம் சொல்வதைவிட ஒரு மணி வாங்குவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

நேற்று அண்ணன் வந்தார். என்னைச் சமாதானப்படுத்த அவரைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது. அவருக்கும் வயதாகிவிட்டது; படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தேநீர் கொடுத்தேன். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு மணியைக் காட்டி, "அதான் புதுசு வாங்கிட்டாங்களே, இனி இது உனக்கு எதுக்கு லா? குடுத்துரு" என்றார்.

நான் மணியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணி கேட்டிருந்தால் எப்படிக் கேட்டிருப்பாரோ அப்படி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, "தென்கிழக்காசியாவிலேயே மிக உயரமான மலை... எது?" என்று கேட்டேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். விளையாடுகிறேனா என்று பார்த்தார். தேநீரின் மேல் ஆடை படியும்வரை அப்படியே இருந்தார். பிறகு கையைத் தூக்கி மணியின் மேல் வைத்து அழுத்தினார். அதன் சத்தம் அந்தச் சின்ன வீட்டில் பெரிதாகக் கேட்டது.

"ஹகாபோ ராஸி" என்றார். தட்டுத் தடுமாறாமல், அண்ணி சொன்னதுபோலவே சொன்னார்.

"சரியான பதில்" என்றேன். "ஆனா டைம் முடிஞ்சிருச்சு அண்ணே."

அவர் கையை எடுக்கவில்லை. குனிந்தபடி உட்கார்ந்திருந்தார், கை மணியின் மேலேயே இருந்தது.